எலி பெருகும் ஆண்டும் நோய் பெருகும் ஆண்டும்

எலி பெருத்தால் எலியால் வரும் நோயும் பெருகும். இதைச் சொல்ல ஓர் ஆய்வு வேண்டுமா என்றுதான் கேட்கத் தோன்றும். ஹாண்டா வைரஸ்களைப் பற்றி அரை நூற்றாண்டாக எழுதப்பட்டவற்றைச் சேர்த்துவைத்துப் படித்தால், இந்த வாய்பாடு பாதிதான் தேறுகிறது. எலி பெருகிய ஆண்டு சும்மா போய், அடுத்த ஆண்டு நோய் வந்த ஊர்கள் உண்டு. எலியைப் பிடித்துப் பிடித்து அகற்றியும் வீட்டுக்குள் எலி வரத்து கூடிய இடங்கள் உண்டு. வைரஸைச் சுமக்கும் எலியைத் தொடாமல் அதன் அக்கம்பக்கத்து எலிகளை மட்டும் அகற்றியதாலேயே வைரஸ் பெருகிய களச்சோதனையும் உண்டு. ஆகவே கேள்வி எத்தனை எலி என்பதோடு முடிவதில்லை. எந்த வயது எலி, எதனோடு சண்டையிட்ட எலி, எந்தப் பருவத்தில் எந்தச் சுவரின் இடுக்கில் குடியேறிய எலி என்று நீண்டுகொண்டே போகிறது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். நம் பக்கத்தில் எலிக்காய்ச்சல் என்றால் லெப்டோஸ்பைரோசிஸ். அது பாக்டீரியாவால் வருவது. எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரிலும் சேற்றிலும் கால் வைப்பவர்களைப் பிடிப்பது. ஹாண்டா பெரும்பாலும் தூசி வழியே வருகிறது. எலியின் மூத்திரமும் புழுக்கையும் எச்சிலும் காய்ந்து பொடியாகிக் கிடக்கும். பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்து ஒருவர் கூட்டும்போது கிளம்பும் புழுதியோடு அவர் மூச்சில் ஏறும். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வகைகள் பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. சில வகைகளில் இரத்தக்கசிவும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்கக் கண்டங்களின் வகைகள் நுரையீரலில் நீர் கோக்க வைக்கின்றன. கடுமையிலும் ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு: பின்லாந்தின் பூமலா வைரஸ் பிடித்தவர்களில் இறப்பவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு, வட அமெரிக்காவின் சின் நோம்ப்ரே வைரஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒவ்வொரு வைரஸுக்கும் பெரும்பாலும் ஒரே விலங்கினம்தான் நிலையான இருப்பிடம். மனிதர் இடையில் அகப்பட்டவர். தென் அமெரிக்க விதிவிலக்கு ஒன்றைத் தவிர, மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதாக உறுதிப்படவில்லை. நம்மிடம் வந்ததும் அதன் பாதை முடிந்துவிடுகிறது என்பதால், பாதையை அறிய எலியிடம்தான் போகவேண்டும்.

அப்படிப் போனவர்களில் முதன்மையானவர் தென்கொரிய வைரஸ் அறிஞர் லீ ஹோ வாங். கொரியப் போரின்போது 1951 முதல் 1953 வரை ஐ.நா. படைவீரர்கள் 3,000 பேருக்கு மேல் இனம்தெரியாத காய்ச்சலில் விழுந்தார்கள். பதுங்குகுழி வெட்டி வயலோரத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்த அவர்கள், உண்மையில் எலிகளின் ஊருக்குள் போய்க் குடியேறியிருந்தார்கள். கிருமி மட்டும் கால் நூற்றாண்டு வரை அகப்படவில்லை. 1976இல் லீயின் குழு, முதுகில் கருங்கோடு ஓடும் வயல் சுண்டெலியின் நுரையீரலை மெல்லிய சீவலாக எடுத்து, நோயிலிருந்து தேறியவர்களின் இரத்தநீரோடு சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தது. எதிர்ப்பொருள் ஒட்டிய இடம் ஒளிர்ந்தது. எலி திரிந்த பகுதியில் ஓடும் ஹாந்தான் ஆற்றின் பெயர் வைரஸுக்கு வந்தது. பிறகு அந்தக் குடும்பம் முழுமைக்குமே வந்தது.

நான்கு மாநிலங்கள் கூடும் இடம்

எலிகளின் வாழ்க்கைக்கும் நோய்க்கும் உள்ள உறவை உலகம் கவனித்தது 1993இல்தான். நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு அமெரிக்க மாநிலங்களின் மூலைகள் ஒரு புள்ளியில் கூடும் வறண்ட மேட்டுநிலம். பெரும்பகுதி நவாஹோ மக்களின் நிலம். மே மாதத்தில் அங்கே திடமான உடற்கட்டுள்ள இளம் ஓட்டக்காரர் ஒருவர் மூச்சுத்திணறி இறந்தார். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் சில நாள் முன்புதான் அதேபோல இறந்திருந்தார். அக்கம்பக்கத்து மருத்துவர்கள் விசாரித்தால் இதே மாதிரி இன்னும் சிலர். அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது ஹாண்டா வைரஸுக்கான எதிர்ப்பொருள் தென்பட்டது. இப்படியொரு நோய் அமெரிக்காவில் இருக்கும் என்றோ, ஹாண்டா சிறுநீரகத்தை விட்டு நுரையீரலைக் குறிவைக்கும் என்றோ அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சுமார் 1,700 சிற்றுயிர்களைப் பொறிவைத்துப் பிடித்தார்கள். அதிகம் அகப்பட்டது பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும் பெரிய கண்களும் கொண்ட மான்சுண்டெலி. அவற்றில் சுமார் 30 விழுக்காடு இந்த வைரஸை ஏற்கெனவே சந்தித்திருந்தன.

நவாஹோ முதியவர்களுக்கு இதில் வியப்பு குறைவு. சுண்டெலி வெளியில் வாழவேண்டிய உயிர், வீட்டுக்குள் விடக்கூடாது என்பது அவர்கள் மரபு. மழை மிகுந்து பின்யோன் பைன் கொட்டை கொட்டோ கொட்டென்று கொட்டும் ஆண்டில் எலியும் பெருகும், நோயும் வரும் என்பதும் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தது. செய்தித்தாள்கள் சில அந்த மக்களின் பெயரையே நோய்க்கு ஒட்டி எழுதி அவர்களைத் தீண்டத்தகாதவர்களாக்கின என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இடப்பெயர் சூட்டும் முயற்சியும் எதிர்ப்பில் முடிந்தது. கடைசியில் பெயரில்லாதது என்று பொருள்படும் சின் நோம்ப்ரே என்ற ஸ்பானியத் தொடரே வைரஸின் பெயராயிற்று.

முதியவர்கள் சொன்னதற்கு எண் கொடுத்தது செவில்லெட்டா. நியூ மெக்சிகோவின் நடுவிலுள்ள இந்த வனவிலங்குப் புகலிடத்தில், 1980களின் இறுதியிலிருந்தே பல்கலைக்கழக உயிரியலாளர்கள் ராபர்ட் பார்மென்டரும் டெர்ரி யேட்ஸும் அவர்களது சகாக்களும் சிற்றெலிகளைப் பிடித்து, எண்ணி, விட்டுக்கொண்டிருந்தார்கள். நோய் அவர்கள் கணக்கிலேயே இல்லை. பாலைநிலத்தில் எந்த உயிர் எப்போது கூடுகிறது, குறைகிறது என்று தெரிந்துகொள்ளும் வேலை அது. அவர்கள் ஏட்டிலிருந்து கிடைத்த கதை இது. பல ஆண்டு வறட்சியில் எலிகளும் அவற்றைத் தின்னும் ஆந்தை, பாம்பு, குள்ளநரிகளும் குறைந்திருந்தன. 1991-92இல் எல் நினோ என்ற கடல்-வானிலை நிகழ்வு வந்தது. பனியும் மழையும் மிகுந்தன. புல் தழைத்தது, விதை சொரிந்தது, வெட்டுக்கிளி பெருகியது. வேகமாகப் பெருகும் எலி முந்திக்கொண்டது; கொன்றுண்ணிகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1992 மே மாதத்தில் இருந்ததைவிடச் சுமார் பத்து மடங்கு சுண்டெலிகள் 1993 மே மாதத்தில் இருந்தன.

இன்னொரு சான்று அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு உயிரியல் அருங்காட்சியகம் பழைய எலித்திசுக்களை உறையவைத்துப் பாதுகாத்து வந்தது. அவற்றைச் சோதித்தபோது, 1993க்கு முன்பு பிடிபட்ட எலிகளிலும் வைரஸ் இருந்தது தெரிந்தது. பின்னர் பழைய நோயாளிகளின் திசுக்களைத் தேடியபோது 1959இல் யூட்டாவில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்ததும் உறுதியாயிற்று. வைரஸ் எங்கிருந்தும் புதிதாக வந்து இறங்கவில்லை. எலியும் மனிதரும் சந்திக்கும் தருணங்கள்தான் கூடியிருந்தன. இந்தச் சங்கிலியை, மழையில் தொடங்கி விதை, எலி, வைரஸ், மனிதர் என்று படிப்படியாக இறங்கும் விளைவாக யேட்ஸும் மற்றவர்களும் 2002இல் விரிவாக எழுதினார்கள். இடையில் 1997-98 எல் நினோ ஒரு தேர்வு வைத்திருந்தது. மழை வந்தது, எலி கூடியது, 1998லும் 1999லும் அதே பகுதியில் நோயாளிகள் கூடினார்கள். ஒரு சூழலியல் கருதுகோளுக்கு இப்படிக் கண்முன்னே சோதனை வாய்ப்பது அரிது.

அதனாலேயே இந்தக் கதை அளவுக்கு மீறிப் புகழ் பெற்றுவிட்டது என்பது என் கருத்து. எல் நினோ என்றாலே ஹாண்டா என்று செய்திகளில் இன்று எழுதுகிறார்கள். அமெரிக்காவில் 1993 முதல் 2022 வரை உறுதியான நோயாளிகள் மொத்தம் 864 பேர். ஆண்டுக்குச் சராசரியாக முப்பதுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய எண்ணில் நாலு பேர் கூடினாலும் குறைந்தாலும் வரைபடம் துள்ளும். மேலும் எல் நினோ மழை எல்லாப் பள்ளத்தாக்கிலும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. வறண்ட தென்மேற்கில் மழை என்றால் விருந்து. பனி மூடிக் கிடக்கும் மொன்டானாவில் எலிகளின் பாட்டை முடிவுசெய்வது குளிர்கால வெப்பநிலையும் ஈரமும் சேர்ந்து. மழையிலிருந்து நோய்க்கு நேராகக் கோடு இழுப்பவர்கள், இடையிலுள்ள எலியை ஒரு குழாயைப்போல நினைத்துக்கொள்கிறார்கள்: ஒரு முனையில் தண்ணீர் விட்டால் மறுமுனையில் வரும் என்று. எலிக்கூட்டம் அப்படி நடந்துகொள்வதில்லை.

எலிக்கூட்டத்துக்குள்

சின் நோம்ப்ரே வைரஸ் மான்சுண்டெலியைப் பெரிதாக நோயில் தள்ளுவதில்லை. ஒருமுறை தொற்றினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. எலியின் நோயெதிர்ப்பு மண்டலம் வைரஸை ஒழித்துக்கட்டவும் முனைவதில்லை, அதைக் கண்டு கொதிக்கவும் செய்வதில்லை. மனிதரைக் கொல்வது நம் உடலின் கொதிப்புத்தான் என்பதை நினைத்தால், எலியின் இந்தப் பொறுமை பொறாமைப்படத் தக்கது. தாய்க்குத் தொற்று இருந்தாலும் குட்டிகள் வைரஸோடு பிறப்பதில்லை. மாறாக, தாயின் எதிர்ப்பொருளைப் பெற்றுச் சில வாரங்கள் பாதுகாப்பாக இருக்கின்றன. அப்படியானால் வைரஸ் எப்படித்தான் பரவுகிறது? பெரும்பங்கு, கடியால். இனப்பெருக்கக் காலத்தில் வளர்ந்த ஆண் எலிகள் இடத்துக்கும் துணைக்கும் சண்டையிடுகின்றன. காதிலும் வாலிலும் தழும்பு உள்ள எலிகளில் எதிர்ப்பொருள் அதிகம் காணப்படுவதும், பெண்களைவிட ஆண்களில், இளையவற்றைவிட மூத்தவற்றில் அதிகம் காணப்படுவதும் இதனால்தான். பால்டிமோர் நகரின் பழுப்பெலிகளில் சியோல் என்ற இன்னொரு ஹாண்டா வைரஸைத் தேடியவர்களும் இதே தழும்புக் கணக்கைத்தான் கண்டார்கள்.

யூட்டாவில் டெனிஸ் டியரிங்கின் குழு இன்னும் ஒரு படி உள்ளே போனது. எலிகளின் மேல் ஒளிரும் வண்ணப் பொடி தூவி, எந்தப் பொடி எந்த எலிக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்த்து, யார் யாரைத் தொடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பெரும்பாலான தொடர்புகளுக்குச் சிறு எண்ணிக்கையிலான பருத்த எலிகளே காரணமாயின. தொற்று அதிகம் இருந்ததும் அவற்றிடம்தான்.

இதை வைத்துக்கொண்டு பெருக்கக் காலத்தை மறுபடி பார்த்தால் படம் மாறுகிறது. விதை மிகுந்த கோடையில் எலி பெருகுகிறது என்றால் கூடுவது குட்டிகள். அவற்றுக்குத் தொற்றில்லை; தாய் தந்த காப்பும் இருக்கிறது. அதனால் கூட்டம் உச்சத்தில் இருக்கும் இலையுதிர் காலத்தில், வைரஸ் உள்ளவற்றின் விழுக்காடு குறைந்தே காணப்படலாம். குளிர்காலம் பலவற்றைக் கொண்டுபோகும். பிழைத்த இளவட்டங்கள் அடுத்த வசந்தத்தில் பருவமடைந்து சண்டைக்கு இறங்கும்போதுதான் வைரஸ் விழுக்காடு ஏறுகிறது. அதற்குள் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருக்கும். மொன்டானாவில் ரிச்சர்ட் டக்ளஸ் குழுவினர் பல ஆண்டுகள் மாதந்தோறும் பொறிவைத்துச் சேர்த்த தரவுகள் இந்தத் தாமதத்தைத் தெளிவாகக் காட்டின. எலிப் பெருக்கத்துக்கும் தொற்று எலிகளின் உச்சத்துக்கும் இடையே ஓராண்டுக்கும் மேல் போகலாம். ஒரே ஒரு பருவத்தில் களத்துக்குப் போய் எலியை எண்ணிவிட்டு வந்து எழுதிய கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதில் வியப்பில்லை. ஒன்று எண்ணிக்கை கூடினால் தொற்று கூடும் என்றது, இன்னொன்று குறையும் என்றது, மூன்றாவது தொடர்பே இல்லை என்றது. மூன்றும் ஒரே சுழற்சியின் மூன்று மாதங்கள்.

எலிக்கூட்டம் சரியும்போது என்ன ஆகிறது? பல பகுதிகளில் வைரஸ் அடியோடு மறைந்துவிடுகிறது. நீரும் பசுமையும் வற்றாத சில மேட்டுப் பகுதிகளில் மட்டும் எலிகளோடு அதுவும் பிழைத்திருந்து, நல்ல காலம் வந்ததும் அங்கிருந்து சுற்றுப்புறத்துக்கு மீண்டும் பரவுகிறது. செயற்கைக்கோள் படங்களில் தாவரப் பசுமையை அளந்து கிரிகரி கிளாஸ் இப்படிப்பட்ட புகலிடங்களை அடையாளம் காண முயன்றார்.

வடக்கே வோல், தெற்கே பீச்

ஐரோப்பாவின் கதைக்கு வேறு நாயகன்: வோல் எனப்படும் குட்டைவால் காட்டெலி. பூமலா வைரஸ் அதில்தான் வாழ்கிறது. பின்லாந்தில் ஒரு சிற்றூரின் பெயர் பூமலா. 1980இல் மார்க்கஸ் ப்ரம்மர்-கோர்வென்கொன்டியோவும் சகாக்களும் வைரஸை அடையாளம் கண்டு அந்தப் பெயரை இட்டார்கள். வடக்கே வோல்களின் எண்ணிக்கை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. இந்தச் சுழற்சியை ஓட்டுவது பெரிதும் வீசல் என்ற சிறு ஊனுண்ணி என்று இல்க்கா ஹான்ஸ்கி, ஹெய்க்கி ஹென்டொனென் போன்றவர்கள் வாதிட்டார்கள். வோலின் வளைக்குள்ளேயே நுழையக்கூடிய அளவுக்கு மெலிந்த உடல் அதற்கு. வோல் பெருகினால் அதுவும் பெருகும், ஆனால் ஓராண்டு பிந்தி. நோயாளிகளின் எண்ணிக்கையும் இதே தாளத்தில் நடக்கிறது. 2008இல் பின்லாந்தில் 3,000 பேருக்கு மேல் நோய் உறுதியானது; அப்போது ஐம்பத்தைந்து லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை கொண்டிருந்த நாடு அது. நோய் உச்சம் தொடுவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். குளிர் இறங்க இறங்க வோல் மனிதக் கட்டடங்களை நாடுகிறது. மனிதரும் அதே நேரத்தில் ஏரிக்கரைக் கோடைவீட்டைப் பூட்டப் போகிறார்கள், அடுக்கிவைத்த விறகை எடுக்கிறார்கள்.

2006-07 குளிர்காலத்தில் வட ஸ்வீடனில் நடந்தது கவனத்துக்குரியது. வழக்கமாகத் தரையைப் போர்த்தும் பனிக்குப் பதில் மழை பெய்தது. பனிப்போர்வைக்கு அடியில்தான் வோல் குளிருக்கும் பகைக்கும் ஒளிந்து வாழும்; போர்வை போனதும் அவை வீடுகளையும் களஞ்சியங்களையும் தேடி வந்தன. நோய் முன் காணாத அளவு பெருகியது. இங்கே எலியின் மொத்த எண்ணிக்கையைவிட எலி எங்கே இருந்தது என்பதே பெரிதாகிவிட்டது.

மத்திய ஐரோப்பாவில் வீசல் பின்னுக்குப் போய் மரம் முன்னுக்கு வருகிறது. ஜெர்மனியின் தென்மேற்கில் ஷ்வேபிஷ் ஆல்ப் மலைத்தொடரின் பீச் மரக் காடுகள் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. ஓர் ஆண்டு எல்லா மரமும் சேர்ந்து கொட்டித் தீர்க்கும். அந்தக் குளிர்காலத்தில் வோல் பட்டினியின்றிக் கழிக்கும், சில வேளை பனிக்காலத்திலேயே குட்டி போடும். அடுத்த வசந்தமும் கோடையும் நோய்க்காலம். 2006, 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் இலையுதிர் காலத்தில் பீச் பெருங்காய்ப்பு. 2007, 2010, 2012இல் நோய்ப்பெருக்கம். 2012இல் மட்டும் ஜெர்மனியில் 2,800 பேருக்கு மேல் பதிவானார்கள். ஒரே வைரஸ், ஒரே எலி. வடக்கே குளிர்கால நோய், தெற்கே கோடைக்கால நோய். பீச் காய்ப்பை இலையுதிர் காலத்திலேயே கண்ணால் பார்த்துவிடலாம் என்பதால், ஜெர்மனிக்குச் சில மாதங்கள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது.

பூமலாவிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஏவா கல்லியோவின் குழு 2006இல் வெளியிட்ட சோதனையில், தொற்றுள்ள வோல்கள் கிடந்த படுக்கைச் சருகு, எலி அகற்றப்பட்டு இரண்டு வாரம் வரை அறை வெப்பநிலையில் தொற்றும் திறனோடு இருந்தது. எலியும் எலியும் நேரில் சந்திக்கத் தேவையில்லை; ஒன்று விட்டுப்போன வளையில் இன்னொன்று குடியேறினால் போதும். மனிதருக்கும் அப்படியே: எலியைக் காணாத வீட்டிலும் எலி இருந்திருக்கலாம். அதே ஆய்வாளர், வைரஸ் பிடித்த வோல்கள் குளிர்காலத்தைத் தாண்டுவது குறைவு என்றும் அடுத்த ஆண்டு காட்டினார். வைரஸும் எலியும் சண்டை சச்சரவில்லாமல் ஒத்து வாழ்கின்றன என்று பாடநூல்கள் எழுதிவந்ததைத் திருத்தவேண்டியதாயிற்று.

அண்டை எலிகள்

முன்பு சொன்ன அந்தக் களச்சோதனை பனாமாவில் நடந்தது. 1999-2000இல் அங்கே சோக்லோ என்ற ஹாண்டா வைரஸ் தலைகாட்டிய பின், கெரார்டோ சுசான் தலைமையிலான குழு சில நிலத்துண்டுகளில் வைரஸ் சுமக்காத சிறு பாலூட்டிகளைப் பிடித்து அகற்றியது. சிலவற்றை அப்படியே விட்டது. அகற்றிய இடங்களில் வைரஸ் சுமக்கும் எலிகள் கூடின. அவற்றுள் தொற்றுள்ளவற்றின் விழுக்காடும் கூடியது. 2009இல் வெளியான இந்த முடிவுக்கு விளக்கம் எளிது. பல இனங்கள் நெருங்கி வாழும்போது உணவுக்கும் இடத்துக்கும் போட்டி. ஒரே இன எலிகள் ஒன்றையொன்று சந்தித்துக் கடித்துக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. காட்டை வெட்டிக் கரும்பும் மேய்ச்சல் புல்லும் போட்டால், நுணுக்கமான வாழ்விடம் தேவைப்படும் இனங்கள் போய்விடும்; எதையும் தின்று எங்கும் பிழைக்கும் எலி தனிக்காட்டு ராஜாவாகும். ஹாண்டா சுமப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் ரகம். பிரேசிலின் கரும்பு வயல்களைச் சுற்றி நோய் ஆபத்து கூடுவதை ஆய்வுகள் சுட்டுகின்றன.

பல்லுயிர் வளம் நோயைத் தடுக்கும் என்ற பெருமுழக்கமாக இதை மாற்றிவிடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. எந்த இனம் போகிறது, எந்த இனம் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஹாண்டாவில் மட்டும் சான்று ஓரளவு ஒரே திசையில் நிற்கிறது, அவ்வளவே.

எலியை ஒழிப்பதால் பயன் உண்டா என்ற கேள்விக்கும் இதே போன்ற சுளுவற்ற விடைதான். மொன்டானாவில் டக்ளஸ் குழு, கட்டடங்களிலிருந்து மான்சுண்டெலிகளைத் தொடர்ந்து பிடித்து அகற்றிப் பார்த்தது. ஓட்டைகளை அடைக்காமல் பிடித்தால், காலியான இடத்துக்குப் புதிய எலிகள் வந்துகொண்டே இருந்தன. மனிதர் எதிர்கொள்ளும் எலிகளின் மொத்த எண்ணிக்கை கூடவும் வாய்ப்பிருந்தது. 2012இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பத்துப் பேருக்கு நோய் வந்து மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் கறி வில்லேஜ் என்ற முகாமில் ஒரே வகைக் கூடாரங்களில் தங்கியவர்கள். குளிர் தாங்குவதற்காக இரட்டைச் சுவர் வைத்துக் கட்டிய கூடாரங்கள்; இரு சுவர்களுக்கும் இடையிலிருந்த இடைவெளியில் சுண்டெலிகள் கூடு கட்டியிருந்தன. பூங்காவில் எலி எப்போதும் உண்டு. தலைமாட்டில் அதற்கு அறை கட்டிக் கொடுத்தது கட்டட வடிவமைப்பு.

எலியைத் தாண்டியவை

இரண்டு வைரஸ்கள் இந்தச் சூழலியல் விளக்கத்தின் எல்லையைக் காட்டுகின்றன. ஒன்று, சியோல் வைரஸ். பழுப்பெலியோடு கப்பலேறி உலகத் துறைமுகங்களையெல்லாம் அடைந்த வைரஸ் இது. அதற்குக் காட்டு மழையும் விதையும் பொருட்டல்ல. சாக்கடையும் குப்பையும் தானியக் கிடங்கும் போதும். 2017இல் அமெரிக்காவில் 11 மாநிலங்களில் 17 பேருக்கு அது தொற்றியபோது வழி, செல்லப்பிராணியாக வளர்க்கப்பட்ட எலிகள். இங்கே எலியின் சூழலியல் என்பது வளர்ப்பவர்களின் வணிக வலைதான்.

மற்றது, படகோனியாவின் ஆண்டீஸ் வைரஸ். நீண்ட வாலுள்ள கோலிலார்கோ என்ற எலி அதன் இருப்பிடம். தென் ஆண்டீஸ் காடுகளின் மூங்கில், பல பத்தாண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்து விதைத்து மடியும். அப்போது வரும் எலிப்படைக்கு அங்கே 'ரத்தாதா' என்று தனிப்பெயரே உண்டு. மிசோரத்தில் 1959லும் 2007லும் மூங்கில் பூத்து எலி பெருகிப் பயிரழிந்ததை அறிந்தவர்களுக்கு இது பழகிய கதை. மிசோரத்தில் பஞ்சமாக வந்தது, படகோனியாவில் நோயையும் கூட்டிவருகிறது. ஆனால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது உறுதியான ஒரே ஹாண்டா இதுதான். 1996இல் எல் போல்சோன் ஊரில் முதன்முதலாக அது புலப்பட்டது. 2018 இறுதியில் எபுயேன் என்ற சிற்றூரில் எலியிடமிருந்து ஒருவருக்கு வந்தது, பிறகு விருந்திலும் துக்கவீட்டிலுமாக 34 பேரை எட்டி 11 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த முதல் ஆளுக்குப் பிறகு எலியை எண்ணிப் பயனில்லை. மனிதரின் கூடுகைகளைத்தான் எண்ணவேண்டியிருந்தது.

இனி நம் பக்கம். 1964இல் வேலூரில், கொசு வழிப் பரவும் மூளைக்காய்ச்சல் பற்றிய களப்பணியின்போது, தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து புது வைரஸ் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. 1971இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தபோது அது எந்தக் குடும்பம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பின்னாளில்தான் அது ஹாண்டா குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெளிந்தது. அதாவது, லீ ஹோ வாங்கின் கண்டுபிடிப்புக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே ஒரு ஹாண்டா வைரஸ் வேலூர் ஆய்வகத்தில் இருந்திருக்கிறது. தோட்டப்பாளையம் வைரஸ் என்ற பெயரோடு அது இன்று உலக வைரஸ் பட்டியலில் நிற்கிறது. பிள்ளையாரின் வாகனம் என்று பல வீடுகளில் அடிக்காமல் விடப்படும் மூஞ்சூறு, எலி இனத்தைச் சேர்ந்ததே அல்ல. பூச்சி தின்னும் வேறொரு வரிசை. அதனாலேயே பல ஆண்டுகள் இந்த வைரஸை ஒரு விசித்திரமாக ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2000களின் நடுவிலிருந்து உலகெங்கும் மூஞ்சூறுகளிலும் அகழெலிகளிலும் வௌவால்களிலும் ஹாண்டா வைரஸ்கள் வரிசையாக அகப்பட்டபோதுதான் பார்வை மாறியது. ஒவ்வொரு எலி இனமும் தன் வைரஸோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் கைகோத்துப் பரிணமித்தது என்ற பழைய கொள்கை தளர்ந்தது. அண்டை இனங்களுக்கு வைரஸ் அவ்வப்போது தாவியிருக்கிறது என்ற கருத்து வலுத்தது. அண்டை எலி யார் என்ற கேள்வி இங்கே பரிணாம அளவிலும் வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், சேமிப்புக் கிடங்குத் தொழிலாளர்களிடமும், வயலெலி வளையைத் தோண்டிப் பிடிப்பதில் தேர்ந்த இருளர் மக்களிடமும் ஹாண்டா எதிர்ப்பொருளைத் தேடினார்கள்; ஒரு சிறு பங்கினரிடம் அது இருந்தது. இலங்கையில் காரணம் புரியாத சிறுநீரக நோய் மிகுந்த கிராந்துருகோட்டை போன்ற பகுதிகளில், நோயாளிகளிடம் ஹாண்டா எதிர்ப்பொருள் மற்றவர்களைவிட அதிகம் காணப்பட்டது. அதுதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதற்கு இது சான்றாகாது. எலி மிகுந்த வயலில் உழைப்பவருக்கு இரண்டும் தனித்தனியே வந்திருக்கலாம். மேலும் ஒரு ஹாண்டா வைரஸுக்கு உண்டான எதிர்ப்பொருள் இன்னொன்றோடும் ஒட்டும். எந்த வைரஸ் என்பதை மனித இரத்தம் மட்டும் வைத்துச் சொல்வது கடினம்.

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக் காலத்தில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பது பழைய வழக்கம். வரப்பில் எங்கே வளை, எந்த மாதம் குட்டி, எந்தப் பக்கம் பெருச்சாளி, எந்தப் பக்கம் வயலெலி என்பது கிட்டி வைப்பவருக்கு மனப்பாடம். மொன்டானாவில் சம்பளம் கொடுத்து மாதந்தோறும் சேர்த்த விவரத்தில் பாதி அவர் வாயிலேயே இருக்கிறது. அதோடு பிடிபட்ட எலியின் எடை, பால், தழும்பு, ஒரு சொட்டு இரத்தம் ஆகியவையும் சேர்ந்து, ஒரு போகத்தோடு நின்றுவிடாமல் பல ஆண்டு தொடர்ந்தால்தான், இருளரிடம் கண்ட எதிர்ப்பொருள் வயலெலி தந்ததா, கிடங்குப் பழுப்பெலி தந்ததா, வீட்டு மூலையில் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு தந்ததா என்று பிரித்துச் சொல்லமுடியும்.